மழைக்காட்டு விடுதியில் ஓர் இரவு: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

அல்சூர் வாசகர்:
சிவமொக்கா மாவட்டத்தில், ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஆகும்பேயைப் பெங்களூருக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆடி மாதத்தில் அங்கே பாக்குத் தோப்பின் ஓரமாக இருந்த ஓட்டு வீடு ஒன்றில் தங்கினோம். குளியலறை வெளியே தனியாக இருந்தது. இரவு டார்ச்சுடன் அதன் கதவை நெருங்கியபோது, தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், என் முழங்கை உயரத்தில், பெரணித் தண்டைச் சுற்றிக்கொண்டு மலபார் குழிவிரியன் என்ற விஷப்பாம்பு ஒன்று கிடந்தது. பச்சை உடம்பில் பழுப்புத் திட்டுகள் இருந்தன. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு மழைத்துளி உருண்டு நிற்பது தெரியும் அளவுக்கு நான் அருகில் இருந்தேன், அது அசையவே இல்லை. கூப்பிட்டதும் வந்த வீட்டுக்காரர், "அது மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறது ஸார், நீங்கள் எங்கள் குளியலறைக்கு வந்துவிடுங்கள்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, ஒரு குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டி அங்கே நட்டார். பிறகு தூங்கப் போய்விட்டார். மூன்று நாளாகத் தெரிந்திருந்தவர், மாலையில் அறையைத் திறந்து காட்டியபோதே அதைச் சொல்லாமல் விட்டது ஏன் என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

ஜாலஹள்ளி சேகர்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பணம் வாங்கிக்கொண்டு விருந்தினரைத் தங்க வைப்பவர் உடனே பாம்பு பிடிப்பவரை அழைத்திருக்க வேண்டும். குடகில் நாங்கள் தங்கியிருந்த இடத்தில் விறகு அடுக்கில் பாம்பு தெரிந்தவுடன் ஆள் வந்து, அதைப் பையில் போட்டு எடுத்துச் சென்று எங்கோ தொலைவில் விட்டுவிட்டார். குழந்தைகளை வைத்துக்கொண்டு சிவப்புத் துணியை நம்ப முடியாது.

பனசங்கரி ஆசிரியை:
சேகர் அவர்களின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. குழிவிரியன் தவளைக்காக ஒரே இடத்தில் இரவுக்கு இரவு காத்திருக்கும் பாம்பு. அது இருக்கும் இடம் தெரிந்திருப்பதுதான் பாதுகாப்பு, எடுத்துச் சென்றபின் அடுத்தது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தொலைவில் விடுவதும் பாம்புக்கு நல்லதன்று. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் 2005-ல் ஆகும்பேயில் தொடங்கிய ஆய்வு நிலையத்தினர் ராஜநாகங்களின் உடலுக்குள் ரேடியோ கருவியைப் பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். இடம் மாற்றி விடப்பட்ட பாம்பு, தன் சொந்த எல்லைக்குள் இருக்கும் பாம்பைக் காட்டிலும் மிக அதிக தூரம் அலைந்தது அதில் தெரியவந்தது. அதற்காகக் குழிவிரியனை எளிதாக எண்ணிவிடவும் கூடாது. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிற்காகத் தயாரிக்கப்படுவது. குழிவிரியன் அந்த நான்கில் இல்லை. அது கடித்து உயிர் போவது அரிது என்றாலும், வீக்கமும் வலியும் இருக்கும்.

என் அனுபவம் சிறியது. அதே ஊர்ப் பக்கம், மார்ச் மாதக் காலையில் திண்ணையில் உட்கார்ந்து அக்கி ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் காயப்போட்டிருந்த பாக்கின் மேல் ஒரு ராஜநாகம் ஏறி மறுபக்கம் இறங்கியது. காய்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை, உடம்பின் நீளம் முழுவதும் கடந்து முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டம்மா கையிலிருந்த தோசைக் கரண்டியை மார்போடு சேர்த்துக் கும்பிட்டார். பிறகு, கலைந்த பாக்கை அவர் காலால் பரப்பிவிட்டு உள்ளே போனார். அந்தக் காலால் பரப்பிய நிதானத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகம் தனி இனம் என்று 2024-ல் அறிவியலாளர்கள் அறிவித்ததைப் படித்தபோதும் முதலில் அவர்தான் நினைவுக்கு வந்தார்.

அல்சூர் வாசகர்:
ஆசிரியை அவர்களுக்கு நன்றி. ஆனால் பாம்பை அகற்றவில்லை என்று நான் குறை கூறவில்லை, முன்கூட்டிச் சொல்லவில்லை என்றுதான் எழுதினேன். இரண்டும் வேறு.

ஒயிட்ஃபீல்டு மாலதி:
அலுவலகப் பணிக்காகப் பெரு நாட்டுக்குச் சென்றபோது தம்போபாத்தா ஆற்றங்கரையில் ஒரு விடுதியில் தங்கினேன். அங்கே அறைக்கு மூன்று பக்கம்தான் சுவர், நான்காவது பக்கம் காட்டைப் பார்த்துத் திறந்தே கிடக்கும். உணவுப் பொருளை அறையில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கை அவர்கள் உணவுப் பொருளாகக் கருதுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை! நள்ளிரவில் "கறுக், கறுக்" என்று ஓசை கேட்டு டார்ச்சை அடித்தேன். கொசுவலைக்கு அப்பால், என் பையின்மேல், எலி அளவில் பெரிய கண்களுடன் ஒரு பிராணி உட்கார்ந்து, முறுக்கை இரண்டு கைகளாலும் பிடித்து, விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றித் தின்றுகொண்டிருந்தது. வெளிச்சத்தைப் பார்த்து ஒரு கணம் நிறுத்தியது, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. என் பையன்கூட அவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை.

தென் அமெரிக்கக் காடுகளுக்குப் போக நினைப்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறந்துவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போகும்போது யாரும் கேட்காவிட்டாலும், பெரு, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து திரும்புகிறவர்களிடம் நம் விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்க விதி உண்டு. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், ஆகவே பயணச்சீட்டு எடுத்த கையோடு போட்டுக்கொள்ளுங்கள். அது அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே கிடைக்கும், சில மையங்களில் குறிப்பிட்ட நாள்களில்தான் போடுவார்கள் என்பதால் முன்பதிவு தேவை. ஒருமுறை போட்டால் வாழ்நாளுக்கும் போதும் என்று 2016 முதல் விதி மாறியிருக்கிறது, பழைய அட்டையில் பத்தாண்டு என்று அச்சாகியிருந்தாலும் கவலை வேண்டாம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது வயதைக் கடந்தவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

ராஜாஜிநகர் ரகு:
இங்கே யாரும் பெருவுக்குப் போவதாகச் சொல்லவில்லையே, அம்மா. நம் சிவமொக்கா மாவட்டத்துக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு வேறொன்று தெரிய வேண்டும். அட்டைக்கு அஞ்சி மழைக்காலத்தைத் தவிர்த்து ஜனவரியில் போகிறவர்கள் உண்ணிகளின் பருவத்தில்தான் போய் இறங்குகிறார்கள். 1957-ல் அதே மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணிகளால் பரவுவது, பெரும்பாலும் டிசம்பரிலிருந்து மே வரை தலைகாட்டுவது. காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் அந்தப் பக்கமே போகாமல் ஊராரிடம் சொல்லிவிடுங்கள். அட்டை கடித்தால் இரத்தம் உறையாமல் நெடுநேரம் கசியும், அவ்வளவுதான். என் மகளின் பள்ளிக்கூட வெள்ளைக் காலுறை கணுக்கால்வரை சிவந்து போனதைப் பார்த்து என் மாமியார் அழுதார், மகளோ அட்டைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெயநகர் பத்மா:
எல்லாரும் பிராணிகளைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு நேர்ந்தது வேறு. என் கணவருக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும், முகமூடியுடன் கூடிய மின்கருவி இல்லாமல் அவர் தூங்கக் கூடாது. சக்லேஷ்பூருக்கு அப்பால் நாங்கள் தங்கிய விடுதியில் இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள். கருவி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. தவளைகளும் சில்வண்டுகளும் காதைப் பிளக்கும் அந்தக் கூச்சலுக்கிடையே, அவருடைய மூச்சு எங்கே நிற்கிறது, எப்போது திரும்புகிறது என்று காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். நின்றால் தோளைத் தட்டுவேன், அவர் புரண்டு படுப்பார்.

ஜாலஹள்ளி சேகர்:
காட்டுக்குப் போகிறவர்கள் மின்சாரத்தை எதிர்பார்க்கலாமா, அம்மா? அந்த இருட்டுக்காகத்தானே போகிறோம்.

ஜெயநகர் பத்மா:
பாம்பை அகற்றச் சொன்ன நீங்கள் இருட்டை அப்படியே ஏற்கச் சொல்வது வியப்பாக இருக்கிறது. விளக்கு எரியவில்லை என்று நான் வருந்தவில்லை. காலையில் விடுதி மேலாளரிடம் சொன்னபோது, சமையல்கட்டின் குளிர்பெட்டி சூரிய மின்கலத்தில் இரவு முழுவதும் ஓடுகிறது என்றும், கேட்டிருந்தால் அதிலிருந்து ஒரு கம்பி இழுத்துக் கொடுத்திருப்போம் என்றும் சொன்னார். முன்பதிவு செய்தபோது சைவமா அசைவமா, ஜீப் சவாரி வேண்டுமா, பிறந்த நாள் கேக் வேண்டுமா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டவர்கள், ஜெனரேட்டர் பத்து மணிக்கு நிற்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அல்சூர் நண்பரின் கேள்வியும் இதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த நாள் இரவு அந்தக் கம்பி எங்கள் சன்னல் வழியாக வந்தது, சன்னலை மூட முடியாததால் அறையெங்கும் ஈசல் நிறைந்தது, அவர் நன்றாகத் தூங்கினார்.