412 காமிக்ஸ் இதழ்கள்: பிரிக்காமல் விற்க வழி உண்டா?

சாத்தூர்க்காரன்:

நண்பர்களுக்கு வணக்கம். வருகிற தை மாதம் எங்கள் வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். அதுவரை குடியிருக்கப் போகும் வாடகை வீட்டில் பரண் கிடையாது. என் பரணில் நான்கு தகரப் பெட்டிகள் நிறையக் காமிக்ஸ் இதழ்கள் இருக்கின்றன. ராணி காமிக்ஸ் 180, லயன் காமிக்ஸ் 110, முத்து காமிக்ஸ் 70. திகில், மினி லயன், பூந்தளிர், இந்திரஜால் எல்லாம் சேர்த்து இன்னும் 52.

1984 ஜூலையில் லயனும் ராணியும் ஒரே மாதத்தில் வெளிவந்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்பா சிவகாசிக்கு வேலைக்குப் போய்வருவார். மாலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் சட்டைக்குள் ஏதேனும் மடித்து வைத்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். 1985, 86 கோடை விடுமுறைகளில் எங்கள் திண்ணையில் ஒரு நூல் நிலையம் நடத்தினேன். ஓர் இதழுக்குப் பத்துக் காசு வாடகை. மாயாவி என்ற நாயகன் வரும் கதைக்கு மட்டும் பதினைந்து காசு. அப்பா ரப்பர் முத்திரை ஒன்று செய்துகொண்டு வந்து கொடுத்தார். அதனால் பாதிக்கு மேற்பட்ட இதழ்களின் முதல் பக்கத்தில் ஊதா மையில் "அன்பு நூல் நிலையம்" என்று இருக்கும், வரிசை எண்ணோடு.

போன வாரம் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார். நான்கு பெட்டிகளையும் தரையில் கொட்டி, அரை மணி நேரத்தில் 38 இதழ்களைப் பொறுக்கித் தனியே அடுக்கினார். அந்த 38-க்கு 30,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். முத்திரை இல்லாதிருந்தால் இன்னும் தந்திருப்பாராம். மற்றவற்றை என்ன செய்வது என்று கேட்டேன். "பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார். காசு தேவைதான், மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை.

எல்லாவற்றையும் ஒரே கைக்குக் கொடுக்க வழி இருக்கிறதா? முத்திரை அவ்வளவு பெரிய குறையா? இன்னொன்று: ஏறக்குறைய 60 இதழ்களை ஐந்து ஐந்தாகச் சேர்த்து அந்தக் காலத்திலேயே பைண்டு செய்துவிட்டேன். அவற்றைப் பிரித்துவிட்டால் நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈரோட்டு வாசகன்:

அண்ணா, முதலில் ஒன்று. அந்த 38 இதழ்களைக் கொடுத்துவிடாதீர்கள். வண்டியை இழுக்கும் மாடுகளை விற்றுவிட்டால் வெறும் வண்டியை யார் ஓட்டிப் போவார்? அந்த 38-க்காகத்தான் ஒருவர் 412-ஐயும் வாங்க முன்வருவார். அது தெரிந்துதான் அவர் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

ஒரு பெரிய நோட்டில் பட்டியல் எழுதுங்கள். இதழ் எண், கதையின் பெயர், மாதம், வருடம். அட்டை இருக்கிறதா, பின்னட்டை இருக்கிறதா, நடுத்தாள் இருக்கிறதா, குறுக்கெழுத்துப் புதிரைப் பேனாவால் நிரப்பியிருக்கிறீர்களா, தாள்களைக் கோத்த கம்பிப் பின் துருவேறிவிட்டதா. நடுத்தாளைக் கட்டாயம் பிரித்துப் பாருங்கள். முதலில் கழன்று விழுவது அதுதான். வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்துவிட்டு உங்களிடம் கேட்டால் உங்கள் சொல்லுக்கு மதிப்பு போய்விடும்.

உங்கள் 180 ராணி இதழ்களை வியாபாரி வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். மாதம் இரண்டு என்று 2005 வரை வந்த இதழ் அது, 500 எண்கள். முழு வரிசையையும் சேர்க்க முயல்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். எனக்கு இன்னும் 23 எண்கள் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவருக்கு அட்டை கிழிந்த 140-ஆவது இதழ், புத்தம் புதிய முதல் இதழைவிட முக்கியமாகிவிடும். எனவே எண்களை மட்டுமாவது வெளியிடுங்கள்.

விலையில் ஆசையை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 2010-இல் வந்த "இரத்தப் படலம்" என்ற காமிக்ஸ் கதையின் கருப்பு வெள்ளைத் தொகுப்பின் அட்டை விலை 200 ரூபாய். அது கிடைக்காமல் போன நாட்களில் நான் 4,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 2018-இல் அதே கதை வண்ணத்தில் வந்துவிட்டது. பிறகு என் பிரதியைப் பாதி விலைக்குத்தான் கொடுக்க முடிந்தது. மாயாவி கதைகளுக்கும் மறுபதிப்புகள் வந்திருக்கின்றன. கதையை மட்டும் படிக்க நினைக்கிறவர் அதை வாங்கிக்கொள்வார். உங்கள் இதழ்களைத் தேடி வருகிறவர் அன்றைய வாசகர் கடிதங்கள், "அடுத்த வெளியீடு" விளம்பரம், அந்தத் தாளின் மணம் இவற்றுக்காக வருகிறவர். அவரிடம் முத்திரையை ஒரு குறையாகச் சொல்லிக் கூச வேண்டியதில்லை. இருக்கிறது என்று எழுதுங்கள், அது போதும்.

பழைய தாள்:

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள். பைண்டு செய்தவற்றைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். பைண்டு செய்யும்போது மூன்று ஓரங்களையும் வெட்டியிருப்பார்கள், முதுகில் பசை போட்டிருப்பார்கள். இப்போது பிரித்தால் ஒவ்வொரு தாளும் தனித்தனியாக வரும். இதழும் இருக்காது, தொகுப்பும் இருக்காது.

செய்தித்தாள் காகிதத்தில் அமிலம் அதிகம், அதனால்தான் பழுத்துப் பொடிகிறது. வெயிலில் காயவைக்க வேண்டாம். இன்னும் வேகமாகப் பழுக்கும். நிழலில் ஒரு வேட்டியை விரித்துப் பரப்பி, மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். இராமபாணப் பூச்சி அரித்த இதழ்களை மற்றவற்றோடு சேர்க்காமல் வேறு பெட்டியில் வையுங்கள். கிழிசலில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளையே தின்றுவிடும். துருவேறிய பின்னைப் பிடித்து இழுக்காமல், நடுப்பக்கத்தில் அதன் கால்களை நகத்தால் நிமிர்த்திவிட்டு மறுபுறமாக எடுங்கள். முத்திரையை அழிக்க எந்தத் திரவத்தையும் தொடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு சிற்றூரில் சிறுவர்கள் எதைக் காசு கொடுத்துப் படித்தார்கள் என்பதற்கு அந்த ஊதா மையைவிட நல்ல சான்று ஏது?

விற்பதற்கு முன் பட்டியலின் ஒரு படியைச் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் அனுப்பிக் கேளுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்களைக் கொண்டு 1994-இல் தொடங்கியது அது. அங்கே இல்லாத இதழ் ஏதேனும் உங்களிடம் இருந்தால், அதை மட்டும் தனியாகக் கொடுப்பது வியாபாரி பொறுக்குவது போல் ஆகாது.

தேனி வாசகி:

விலை ஏறட்டும் என்று காத்திருக்காதீர்கள். என் அண்ணன் காத்திருந்தார். ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, 200-க்கு மேற்பட்ட இதழ்கள் செங்கல் போல ஒட்டிக்கொண்டன. கத்தியால் பிரித்துப் பார்த்தோம், மை மட்டும் கையோடு வந்தது. இந்த இதழ்களை வாங்க அலைகிறவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள்தான். என் மகன் வழவழப்பான தாளில் வரும் வண்ணத் தொகுப்புகளை விரும்பி வாங்குகிறான். அண்ணனுடைய பழைய ராணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேட்கிறவர் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

சாத்தூர்க்காரன்:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். வியாபாரியிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் மறுநாளே 38,000 என்றார், அதற்கும் சம்மதிக்கவில்லை.

இரவு உணவுக்குப் பிறகு தினமும் இருபது இதழ்கள் என்று பட்டியல் எழுதினேன். என் மனைவி எண்களைப் படிப்பார், நான் எழுதுவேன். இத்தனை வருடமும் அந்தப் பெட்டிகளைப் பார்த்துச் சலித்துக்கொண்டவர், நான்காம் நாள் ஒரு திகில் இதழைப் படித்து முடிக்கும் வரை அடுத்த எண்ணைச் சொல்லவில்லை. இராமபாணம் அரித்தவை 31. பின்னட்டை இல்லாதவை 17. இரண்டாவது பெட்டியின் அடியில் நூல் நிலையத்து நாற்பது பக்க நோட்டும் கிடைத்தது. யார் யார் எதை எடுத்துப் போனார்கள் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. நான்கு இதழ்கள் இன்றுவரை திரும்பி வரவில்லை என்பதும் தெரிந்தது.

தரமணிக்குப் பட்டியல் அனுப்பியிருக்கிறேன், பதில் வர வேண்டும். திருநெல்வேலியிலிருந்து இரண்டு நண்பர்கள் சேர்ந்து முழுவதையும் 45,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். ராணி ஒருவருக்கு, மற்றவை இன்னொருவருக்கு. இரண்டு கைதான், ஆனாலும் பேப்பர் கடைக்கு ஒன்றும் போகாது. ஈரோட்டுத் தம்பி, உங்களுக்குக் கிடைக்காத 23 எண்களை அனுப்புங்கள். இங்கே இரண்டு பிரதிகள் இருப்பவை பதினொன்று. அவற்றில் உங்களுக்கு வேண்டியதை எடுத்துவைக்க அவர்களிடம் கேட்டுக்கொண்டேன், சம்மதித்துவிட்டார்கள்.

ஒரே ஓர் உதவி வேண்டும். ராணியின் முதல் இதழ், ஜேம்ஸ் பாண்ட் வரும் "அழகியைத் தேடி". என் பிரதியில் நடுத்தாள் இல்லை, நான்கு பக்கங்கள். யாரிடமாவது அந்த இதழ் இருந்தால் அந்த நான்கு பக்கங்களை மட்டும் தெளிவாகப் படமெடுத்து அனுப்ப முடியுமா? அச்செடுத்து உள்ளே வைத்துக் கொடுக்க நினைக்கிறேன். திருநெல்வேலி நண்பர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.