செவிலியர் படிப்பு நேர்முகத் தேர்வு: இரண்டாம் முறை நான் சொன்ன பதில்

செவிலியர் பட்டப்படிப்புக்கு நான் இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் இருந்தும் நேர்முகத் தேர்வில் தேறவில்லை. "ஏன் செவிலியராக விரும்புகிறீர்கள்?" என்ற கேள்விக்கு, சிறு வயது முதலே பிறருக்கு உதவுவதில் நாட்டம் உண்டு என்றும் சேவை மனப்பான்மை என் இரத்தத்தில் ஊறியது என்றும் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அப்படியே ஒப்பித்தேன். எதிரில் இருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைசியாக யாருக்கு உதவினீர்கள், என்ன செய்தீர்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த ஓராண்டு வாரம் இருமுறை ஒரு முதியோர் இல்லத்திற்குத் தன்னார்வலராகச் சென்றேன். பக்கவாதத்திற்குப் பிறகு விழுங்கச் சிரமப்பட்ட ஒரு பாட்டிக்கு உணவூட்டும் முறையை அங்கிருந்த செவிலியர் அருகில் நின்று கற்றுக்கொடுத்தார். முதுகு நிமிர அவரை உட்காரவைத்து, நாமும் அவருடைய கண்மட்டத்தில் அமர்ந்து, அரைக் கரண்டி மட்டும் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டியை எடுக்க வேண்டும். ஊட்டி முடித்த பின்னும் அரை மணி நேரமாவது அவரைப் படுக்கவைக்கக் கூடாது. உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரக்கூடும். ஒரு நாள் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே பாட்டியின் குரல் நீர் கோத்ததுபோல் களகளவென்று மாறியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் செவிலியரை அழைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

இரண்டாம் முறை இதைத்தான் சொன்னேன். "கொஞ்சம் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்கலாமே?" என்று உடனே கேட்டார்கள். விழுங்குவதில் சிக்கல் உள்ள பலருக்குக் கெட்டியான உணவைவிடத் தண்ணீரே எளிதில் புரையேறும் என்பதையும், அந்த முடிவை எடுக்கும் தகுதி அப்போது எனக்கு இல்லை என்பதையும் சொன்னேன். நேர்முகத்தின் பெரும்பகுதி இந்த ஒரு நிகழ்வைச் சுற்றியே நடந்தது. நேரில் பார்த்ததைச் சொன்னதால் எத்தனை துணைக்கேள்வி வந்தாலும் தடுமாற்றம் வரவில்லை.

விண்ணப்பத்துடன் இணைக்கும் தன்விளக்கக் கட்டுரையையும் இதே முறையில் திருத்தினேன். பணியில் இருக்கும் ஒரு செவிலியரிடம் கொடுத்து, வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தக்கூடிய வரிகளை அடிக்கச் சொன்னேன். முதல் பக்கத்தில் மூன்று வரிகள்தான் மிஞ்சின. அந்த மூன்றிலிருந்து மீண்டும் எழுதினேன்.

தேர்வில் வரும் மருந்தளவுக் கணக்கைப் பற்றி ஒரு சொல். 1 கிராம் மருந்து எழுதப்பட்டு, கையில் 250 மி.கி. மாத்திரைகள் இருந்தால் எத்தனை கொடுப்பது, 1,000 மி.லி. திரவத்தை 8 மணி நேரத்தில் ஏற்ற மணிக்கு எத்தனை மி.லி. என்பன போன்ற எளிய கணக்குகளே வரும். விடைகள்: முதலாவதற்கு 4 மாத்திரை, இரண்டாவதற்கு மணிக்கு 125 மி.லி. ஆனால் கால்குலேட்டர் இல்லாமல் அலகு மாற்றிப் பழகுங்கள். அரை மில்லிகிராமை 0.5 என்றே எழுதுங்கள். முன்னால் உள்ள பூஜ்யம் விடுபட்டு, புள்ளியும் கண்ணில் படாமல் போனால் நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும்.

*

மேலே உள்ள அக்காவின் பகிர்வைப் படித்ததும் என் நேர்முக அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. எனக்கு நடந்தது பல அறைகளில் சுழற்சியாக நடத்தப்படும் குறுநேர்முகம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் சேர்க்கைக்காக உருவான முறை இது. கதவில் ஒட்டியிருக்கும் சூழலைப் படிக்க ஓரிரு நிமிடம் தருவார்கள். உள்ளே சில நிமிடங்கள். அறைக்கு அறை மதிப்பீட்டாளர் மாறுவதால், ஓர் அறையில் சொதப்பினாலும் அடுத்ததில் புதிதாகத் தொடங்கலாம்.

ஓர் அறையில் நோயாளியாக நடித்தவர், "நெஞ்சு வலிக்கிறது, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், என்னை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள்" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பதற்றத்தில் "சரி" என்று சொல்லிவிட்டேன். மறுகணமே தவறு உறைத்தது. "மன்னித்துக்கொள்ளுங்கள், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, இதை நான் இப்போதே பொறுப்புச் செவிலியரிடம் சொல்லியாக வேண்டும். வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், அவர்களுக்குத் தகவல் சொல்ல ஏற்பாடு செய்யச் சொல்கிறேன்" என்று திருத்திக்கொண்டேன். மதிப்பீட்டாளர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். மணி அடித்தது, அடுத்த கதவில் ஒட்டியிருந்த தாளைப் படிக்கத் தொடங்கினேன்.