ஆர்பஸைக் காட்டும் படமா, மறைக்கும் படமா?

மலைரயில்_குன்னூர்:
நேற்று 'ஃபர்' (2006) பார்த்தேன். நிக்கோல் கிட்மேன்தான் அமெரிக்க போட்டோகிராபர் டயான் ஆர்பஸ். உடம்பெல்லாம் முடி வளர்ந்த ஒருவர் மாடிவீட்டுக்குக் குடிவருகிறார்; அவரிடம் மயங்கித்தான் இவர் போட்டோகிராபர் ஆகிறாராம். நிஜத்தில் அப்படி ஓர் ஆளே கிடையாது. 1971-இல் இறந்த ஆர்பஸ் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்!

ஃபிலிம்ரோல்:
தலைப்பிலேயே 'கற்பனைச் சித்திரம்' என்று போட்டிருக்கிறார்கள். அப்புறம் என்ன புகார்? அவருடைய அம்மா வீட்டார் நியூயார்க்கில் ஃபர் கோட் கடை வைத்திருந்தவர்கள். கடையில் விற்ற ரோமத்தை ஒரு மனிதனின் உடம்பில் பார்க்கிறாள் பெண். இதைத் தேதி போட்டா சொல்வது?

மலைரயில்_குன்னூர்:
கனவாகவே இருக்கட்டும். லிசெட் மாடல் என்ற போட்டோகிராபரிடம் படித்தது எங்கே போனது? பெற்றோர் அண்ணாந்து பார்க்க, கூரை இடிக்க நிற்கிறாரே எடி கார்மல், ஆர்பஸின் அந்தப் போட்டோ 1970-இல் எடுத்தது. அவரோடு ஆர்பஸுக்குப் பத்து வருடப் பழக்கம். உழைப்பைத் தூக்கிவிட்டுக் காதலை வைத்துவிட்டார்கள். பெண் கலைஞர் என்றால் ஓர் ஆண் வந்துதான் கதவைத் திறக்கணுமா?

இந்துநகர்_பழசு:
தம்பி, ஊட்டி எச்.பி.எஃப்.பில் (இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்) ஃபிலிம் செய்த கை இது. ஆர்பஸ் அம்மா வைத்திருந்தது ரோலிஃப்ளெக்ஸ் கேமரா. வயிற்றுக்கு நேரே பிடித்துக் குனிந்து பார்க்கணும். கேமரா முகத்தை மறைக்காது, பேசிக்கொண்டே எடுக்கலாம். ரோலுக்கு 12 படம்தான், அதனால் அவசரப்பட்டும் பிரயோஜனமில்லை.

கோத்தகிரி_டீ:
ஐயா சொல்வதுதான் விஷயம். இங்கே தோடர்கள் குடியிருக்கும் மந்துப் பக்கம் காரை நிறுத்துகிறார்கள், புத்துக்குளிச் சால்வை போர்த்திய பாட்டியைப் பெயர்கூடக் கேட்காமல் நாலு கிளிக், கிளம்பிவிடுகிறார்கள். 'ஃபர்' படத்தில் டயான் கேமராவைத் தூக்க எவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறாள், கவனித்தீர்களா? ஆள் பொய்யாக இருக்கலாம், அந்தத் தயக்கம் பொய்யில்லை.

மலைரயில்_குன்னூர்:
அங்கேதான் மேடம் எனக்குச் சந்தேகமே. ஆர்பஸ் பார்வையில் இரக்கமில்லை என்று விமர்சகர் சூசன் சான்டாக் 1973-லேயே எழுதிவிட்டார். சரியோ தப்போ, கஷ்டமான கேள்வி. படம் அதைக் காதலில் கரைத்துவிட்டது.

ஃபிலிம்ரோல்:
எங்கே கரைத்தது? அவன் கடலோடு போய்விடுகிறான். அவன் முடியில் செய்த கோட் அவளிடம் தங்கிவிடுகிறது. போட்டோ எடுக்கிறவர்களை இதைவிடக் கடுமையாக எப்படிக் கேட்பது?

மலைரயில்_குன்னூர்:
அந்தக் கோட் அவனே கொடுத்த பரிசு சார். பாட்டியிடம் யாரும் அப்படி வாங்கிப் போகவில்லை.