பரோஸ் பி5500: இரண்டாம் செயலிக்கு வேலை ஒதுக்கியது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். 1960களில் வெளிவந்த, இரண்டு செயலிகள் வரை பொருத்தக்கூடிய பரோஸ் பி5500 கணினியின் எம்சிபி இயங்குதளத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். அல்கால் என்ற நிரல்மொழியின் வழிவந்த எஸ்பால் மொழியில் எழுதப்பட்ட அந்த இயங்குதளம் முதற்செயலியில் மட்டுமே ஓடியது. பயனர் நிரல்களை மட்டும் இயக்கிய இரண்டாம் செயலியோ, இயங்குதளத்தின் உதவி தேவைப்பட்டவுடன் தன் பதிவகங்களை (நடப்பு மதிப்புகளைச் செயலிக்குள்ளேயே வைத்திருக்கும் இடங்களை) நினைவகத்தில் சேமித்துவிட்டு, முதற்செயலிக்குக் குறுக்கீடு (அதன் கவனத்தைக் கோரும் சைகை) அனுப்பி, அது மறுபடி ஏவும்வரை சும்மா நின்றது. சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் உள்ளீடு-வெளியீடு மிகுந்த நிரல்களுக்கு அதனால் பெரிய பயன் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

காத்திருக்கும் நிரல்களுள் எதை இரண்டாம் செயலிக்குத் தருவது என்று எம்சிபி முடிவெடுக்கும் பகுதியை மூலநிரலில் வாசித்தவர்கள் இருந்தால், அது எந்த இடத்தில் வருகிறது என்பதையும், அங்கே முன்னுரிமை எண் மட்டும்தான் பார்க்கப்பட்டதா என்பதையும் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.