சுந்தரவனத்தில் மூன்று நாள் படகுப் பயணம்: இரவில் படகிலேயே உறங்குவதா, கரையில் தங்குவதா?

வைகறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் மேற்கு வங்கச் சுந்தரவனத்துக்கு மூன்று பகலும் இரண்டு இரவும் கொண்ட படகுப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். உடன் வருபவர்கள் என் அப்பாவும் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனும். அப்பாவுக்கு வயது 71. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு, கைத்தடி ஊன்றி நடக்கிறார். கொல்கத்தாவிலிருந்து கோட்காலி படகுத்துறை வரை வேனில் கூட்டிச்சென்று அங்கே படகில் ஏற்றுவதாக முகவர் சொல்கிறார். அவர் தரும் திட்டங்கள் இரண்டு. ஒன்றில் இரவிலும் படகிலேயே உறங்க வேண்டும். மற்றதில் மாலையானதும் பாகிராலயம் என்ற ஊரில் இறக்கி விடுதியில் தங்கவைப்பார்கள். ஆற்றை நிலவொளியில் பார்க்க வேண்டும் என்ற ஆசையால் பௌர்ணமியை ஒட்டிய நாள்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். முன்பணம் இன்னும் கட்டவில்லை.

பையனின் ஒரே கேள்வி புலி தென்படுமா என்பது. அப்பாவின் ஒரே கேள்வி கழிப்பறை எப்படி இருக்கும் என்பது. எந்தத் திட்டம் எங்களுக்குப் பொருந்தும் என்பதை, போய்வந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நீர்வழி எழுதியது:

அம்மா, கொல்கத்தாவில் பதினோரு ஆண்டுகள் பணியில் இருந்தேன். உறவினர் யார் வந்தாலும் கோட்காலிக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டதால் நான்கு முறை இந்தப் பயணத்தைச் செய்திருக்கிறேன். முதலில் அப்பாவின் முழங்காலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மற்ற முடிவுகள் எல்லாம் அதையே பொறுத்தவை.

அங்கே ஓதம், அதாவது கடலிலிருந்து ஆற்றுக்குள் வரும் நீரேற்றம், ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. படகுக்காரர்கள் ஏற்றத்தை ஜோவார் என்றும் வற்றத்தைப் பாட்டா என்றும் சொல்வார்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகிறது. அமாவாசை, பௌர்ணமி நாள்களில் இரண்டுக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு இரண்டு ஆள் உயரத்தைத் தாண்டுவதும் உண்டு. காலையில் ஒரே எட்டில் படித்துறையிலிருந்து படகில் கால் வைத்திருப்பீர்கள். பிற்பகலில் அதே துறையில் படகு பல படிகளுக்குக் கீழே கிடக்கும். நீர் வடிந்த அந்தப் படிகளின் மேல் சாம்பல் நிறச் சேறு வெண்ணெய் தடவியதுபோல் படிந்திருக்கும். படகுக்கும் படிக்கும் நடுவே குறுகலான ஒரு பலகையைப் போட்டு, படகில் ஒருவரும் கரையில் ஒருவருமாக நின்று ஒரு மூங்கிலின் இரு முனைகளையும் பிடித்துக்கொள்வார்கள். நமக்கு அதுதான் கைப்பிடி. என் மாமியார் அந்தப் பலகையின் நடுவில் நின்றுகொண்டு, முன்னேயும் வர மாட்டேன், பின்னேயும் போக மாட்டேன் என்று முருகனை அழைத்தது இன்றும் எங்கள் வீட்டில் பேச்சு.

ஆகவே பௌர்ணமியைக் கைவிடுங்கள். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாள்களில் ஓதத்தின் வீச்சு வெகுவாகக் குறைவதால் ஏறி இறங்குவது எளிதாகும். மாதத்தையும் ஜனவரியிலிருந்து பிப்ரவரிக்குத் தள்ளினால் நல்லது. ஜனவரிக் காலைகளில் பனிமூட்டம் கவிந்துவிட்டால் அது விலகும் வரை சுக்கானி படகை நகர்த்த மாட்டார், பாதிக் காலைப்பொழுது அப்படியே கழியும். இதில் ஓர் இழப்பும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. நீர் நன்றாக வற்றும்போதுதான் சேற்றுக்கரை வெளிப்பட்டு, முதலைகள் குளிர்காலத்து வெயிலில் வந்து கிடக்கும்; அவை நீருக்குள் சறுக்கிய தடம், யாரோ மூட்டையை இழுத்துப் போனதுபோல் கரையில் பதிந்திருக்கும். வீச்சு குறைந்த நாள்களில் அந்தக் கரையும் குறுகலாகத்தான் தெரியும்.

தங்குவதற்கு விடுதியையே பரிந்துரைக்கிறேன். படகின் கீழ்த்தள அறைகளுக்குச் செங்குத்தான ஏணிப்படியில் இறங்க வேண்டும், கூரையும் தாழ்வாக இருக்கும். கழிப்பறை பெரும்பாலும் பின்புறம், இயந்திரத்துக்கு அருகில் இருப்பதால் டீசல் வாடை வரும். முகவரிடம் படத்தை அனுப்பச் சொல்லி, கழிப்பறை மேற்கத்திய முறையா என்பதையும், ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை, குறிப்பாகச் சிறுவர் அளவில், இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அசல் அடையாள அட்டைகளை மறக்க வேண்டாம். வனத்துறை அனுமதிக்கு அவை தேவை.

தில்லைவனத்தான் எழுதியது:

முன்னவர் ஓதத்தைப் பற்றி எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பையனின் கேள்விக்கு மட்டும் பதில் தருகிறேன். இந்தியப் பகுதியில், 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டிலும் நீரிலுமாக, 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 100 புலிகளே இருக்கின்றன. காவல் கோபுரங்களைத் தவிரக் காட்டில் எங்கும் சுற்றுலாப் பயணிகள் காலெடுத்துவைக்கக் கூடாது. புலி ஆற்றைக் கடக்கும் நேரத்தில் நம் படகும் அங்கே இருந்தால்தான் உண்டு. பெரும்பாலானோர் பார்க்காமலே திரும்புகிறார்கள் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பையனிடம் சொல்லிவிடுங்கள். சுதன்யகாலி கோபுரத்தின் எதிரே விலங்குகளுக்காக ஒரு நன்னீர்க் குளம் வெட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் உப்புநீர் என்பதால் மானும் பன்றியும் அங்கே வரும், சில நேரம் புலியும் வரும். அவன் கண்ணை நட்டு உட்கார வேண்டிய இடம் அதுதான்.

ஆனால் புலியை மட்டும் தேடினால் காட்டைத் தவறவிட்டுவிடுவான். தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு அங்கே தெரிந்த முகங்கள் பல உண்டு. படகிலிருக்கும் வழிகாட்டி ‘கெவா’ என்று காட்டும் மரம் வேறொன்றும் அன்று, சிதம்பரத்தின் தலமரமான தில்லையேதான். பிச்சாவரத்தில் நாம் பார்ப்பதே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால் வங்கத்து மரவெட்டிகளும் அதற்கு அஞ்சுகிறார்கள். உதிரும் முன் இலைகள் சிவந்துவிடுவதால், பச்சைக் காட்டின் நடுவே அதைத் தனியே அடையாளம் காணலாம். ஈச்சையின் இனமான ஹெந்தால் கரையோரத்தில் புதர்புதராக நிற்கும்; அதன் மஞ்சளும் பச்சையுமான கீற்றுகளுக்குள் புலி படுத்திருந்தால் பத்தடித் தொலைவிலும் தெரியாது என்பார்கள். சேற்றிலிருந்து ஈட்டிமுனைகளைப்போல் நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களைப் பையன் எண்ண முயல்வான், முயலட்டும்.

காட்டுக்குப் பெயர் தந்த சுந்தரி மரத்தை மட்டும் இந்தியப் பக்கத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கங்கையின் நன்னீர் காலப்போக்கில் கிழக்கே ஒதுங்கிவிட்டதால் மேற்குப் பகுதி ஆறுகளில் உப்பு கூடிவிட்டது. அந்த மரம் உவர்ப்பு மிகுந்தால் செழிக்காது. சஜ்னேகாலியில் இறங்கும்போது காட்டுத் தெய்வமான போன்பீபியின் சிறு கோயிலையும் பாருங்கள். தேன் எடுக்கவும் நண்டு பிடிக்கவும் காட்டுக்குள் போகிறவர்கள், இந்துவானாலும் முஸ்லிமானாலும், அவளை வணங்கிவிட்டே போகிறார்கள்.

மறுகரை எழுதியது:

நீர்வழி ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் விடுதி என்ற முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை, அதுவும் முழங்கால் காரணமாகவே. கணக்குப் போட்டுப் பாருங்கள். விடுதியில் தங்கினால் ஒவ்வொரு மாலையும் இறங்க வேண்டும், ஒவ்வொரு காலையும் ஏற வேண்டும். அதுவும் ஓதம் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில், போதாக்குறைக்கு மாலையில் மங்கிய வெளிச்சத்தில். படகிலேயே தங்கினால் கோட்காலியில் ஒரு முறை ஏறி, மூன்றாம் நாள் ஒரு முறை இறங்கினால் போதும். கோபுரங்களுக்கு நீங்களும் மகனும் போய்வரும்போது அப்பா மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் தேநீரோடு இருக்கலாம். தோபாங்கி என்ற இடத்திலுள்ள வலையிட்ட உயர்நடைபாதையில் அவர் ஏறவேண்டிய கட்டாயமும் இல்லை. மேல்தளத்திலேயே அறை உள்ள படகுகளும் சில உண்டு. வாடகை கூடும், ஆனால் ஏணிப்படித் தொல்லை இல்லை.

இரவில் காட்டுக்குள் படகு ஓட்ட அனுமதி இல்லாததால், பொழுது சாய்ந்ததும் ஊருக்கு எதிரே நடு ஆற்றில் நங்கூரமிடுவார்கள். இயந்திரம் நின்ற பிறகுதான் அந்த ஆற்றின் ஓசையே காதில் விழும். ஒருமுறை சன்னலுக்கு வெளியே ஊர் விளக்குகளைப் பார்த்தபடி உறங்கியவன், மூன்று மணிக்கு விழித்தபோது அதே சன்னலில் கறுப்பாகக் காடு நின்றது. படகை யாரோ ஓட்டிவந்துவிட்டார்கள் என்று பதறி எழுந்தேன். நீரோட்டம் திரும்பியதில் படகு நங்கூரத்தைச் சுற்றி அரைவட்டம் அடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

நிலவுக்கும் ஒரு வழி உண்டு. வளர்பிறை அஷ்டமியைத் தேர்ந்தெடுத்தால் பாதி நிலா நள்ளிரவு வரை இருக்கும், ஓதமும் சாந்தமாக இருக்கும்.

வங்கதேசப் பக்கத்தில் முறையே வேறு. குல்னாவிலிருந்தோ மோங்லாவிலிருந்தோ புறப்படும் பெரிய படகுகள் ஆயுதம் ஏந்திய வனக்காவலருடன் காட்டுக்குள்ளேயே இரவு தங்கி, கட்கா வரை கடலோரத்துக்குப் போகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே அனுமதி இல்லை. விசா வாங்கும் பொறுமை இருந்தால் பின்னொரு முறை பார்க்கலாம்; இந்த வயதில் அப்பாவுக்கு வேண்டாம்.

நீர்வழி எழுதியது:

ஏறி இறங்கும் எண்ணிக்கையை நான் யோசிக்கவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மேல்தள அறை கிடைத்தால் படகுதான். கிடைக்காவிட்டால் என் பழைய கருத்திலேயே நிற்கிறேன், ஏனெனில் நள்ளிரவில் அந்த ஏணியில் ஏறிக் கழிப்பறைக்குப் போவது எழுபது வயதில் விளையாட்டன்று.

வைகறை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. முகவரிடம் பேசி, பிப்ரவரியில் வளர்பிறை அஷ்டமிக்கு நாளை மாற்றிவிட்டேன். மேல்தளத்தில் ஒரே ஓர் அறை உள்ள படகின் படங்களை அனுப்பியிருக்கிறார். அந்த அறை அப்பாவுக்கு, நாங்கள் இருவரும் கீழே. மகன் இப்போது புலியை விட்டுவிட்டு, படகு இரவில் தானாகத் திரும்புமா என்று நச்சரிக்கிறான். இன்னும் ஒன்று மட்டும்: அப்பாவின் கைத்தடி அந்தப் படிகளில் பயன்படுமா?

மறுகரை எழுதியது:

பயன்படும். ஆனால் சேற்றில் அழுத்தி ஊன்றினால் அடியிலுள்ள ரப்பர் மூடியைச் சேறு பிடுங்கிக்கொள்ளும், தடியை எடுக்கும்போது வெறும் குழாய்தான் வரும். கூடுதலாக இரண்டு மூடிகளை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வழியிலுள்ள கடைத்தெரு ஊரான கோசாபாவுக்கு அப்பால் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.