உதவி: புரொபசர் ரயிலில் பம்பாய் போகும் டைம் டிராவல் கதை, பேர் என்ன?

செம்பூர்க்காரன்:
அவசரம். ஒரு புரொபசர் ரயில்ல பம்பாய் வர்றார், ஊரே வேற மாதிரி இருக்கு. மேடை ஏறிப் பேசப் போனா ஜனங்க அடிக்க வந்துடுவாங்க. ‘எள்ளு’ன்னு ஒரு வார்த்தை முக்கியமா வரும். இன்னிக்கு ராத்திரிக்குள்ள வேணும்.

வடாலா_வாசகி:
என்ன மொழி? எப்போ படிச்சீங்க? நாவலா, சிறுகதையா?

பழைய_பேப்பர்:
ரே பிராட்பரி 1952ல எழுதின ‘எ சவுண்ட் ஆஃப் தண்டர்’தான். டைனோசர் வேட்டைக்குப் போனவன் ஒரு பட்டாம்பூச்சியை மிதிச்சுடுவான், திரும்பி வந்தா எலெக்‌ஷன் முடிவே மாறியிருக்கும். அப்படியே பொருந்துது.

வடாலா_வாசகி:
அதுல பம்பாய் எங்கே வருது?

பழைய_பேப்பர்:
தமிழ்ல போட்டவங்க ஊரை மாத்தியிருப்பாங்க.

மூத்தவாசகர்:
தம்பி, இப்படிக் கேட்டா யாராலும் சொல்ல முடியாது. முப்பது வருஷமா விஞ்ஞானக் கதை படிக்கிறேன். மொழி, வருஷம், பத்திரிகை, இதை முதல்ல சொல்லணும். எள்ளை வெச்சுக் கதை தேட முடியாது.

செம்பூர்க்காரன்:
மன்னிக்கணும். மராத்தி. படிச்சது அப்பா, தாதர்ல வேலை பார்த்தப்போ பக்கத்து சீட்டுக்காரர் கொடுத்தாராம். ஹார்பர் லைன் லோக்கல் ரயில்ல வி.டி. (விக்டோரியா டெர்மினஸ் ஸ்டேஷன்) போற வரைக்கும் வாசல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே எனக்குச் சொல்வார். இப்போ கண் ஆபரேஷன் ஆகியிருக்கு, ‘அதைத் தேடிப் படிச்சுக் காட்டுடா’ங்கிறார். பேர் அவருக்கும் ஞாபகம் இல்லை. வி.டி. வாசல்ல ஈஸ்ட் இந்தியா கம்பெனி ஆபீஸ் இருக்குமாம்.

சயான்_டீச்சர்:
எள்ளை வெச்சேதான் கண்டுபிடிச்சேன்! ஜெயந்த் நார்லிகர் கதை. மராத்தித் தலைப்புல ‘பானிபத்’ வரும். இங்கிலீஷ்ல ‘தி அட்வெஞ்சர்’, என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்பு ‘ஹார்ன்பில்’ புத்தகத்துல சுருக்கி வெச்சிருக்காங்க, நான் நடத்துற பாடம். 1761 ஜனவரி 14, மூணாம் பானிபத் போர்ல பேஷ்வாவோட (மராட்டிய அரசோட பிரதம மந்திரி) மகன் விஸ்வாஸ்ராவ் குண்டடி பட்டுச் செத்தார், மராட்டியர் தோத்தாங்க. கதையில அந்தக் குண்டு காதை உரசிக்கிட்டுப் போயிடும், எள்ளளவு வித்தியாசத்துல உயிர் தப்பும். மராட்டியர் ஜெயிச்சுடுவாங்க. கம்பெனி பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் பக்கத்தோட நின்னுடும். புரொபசர் இதையெல்லாம் டவுன்ஹால் லைப்ரரியில படிச்சுட்டு, ஞாபகமறதியா புத்தகத்தைப் பையில போட்டுக்குவார். ஆசாத் மைதானத் தள்ளுமுள்ளுல புத்தகம் போயிடும், கிழிஞ்ச ஒரே ஒரு தாள் மிஞ்சும். அந்தத் தாளை அவர் எடுத்து நீட்டுற இடம் வந்தா என் வகுப்புல சத்தமே இருக்காது.

மூத்தவாசகர்:
இது டைம் டிராவலே இல்லையே! அவர் பழைய காலத்துக்குப் போகலை. காலம் அதேதான், சரித்திரம்தான் வேற. கேள்வி தப்பு, அதான் இவ்வளவு நேரம்.

பழைய_பேப்பர்:
காலத்தோட இன்னொரு கிளைக்குப் போறதும் பயணம்தானே?

மூத்தவாசகர்:
இல்லை. கால யந்திரம் கிடையாது, முன்னே பின்னே போறது கிடையாது. இணை உலகம்னு சொல்லுங்க.

சயான்_டீச்சர்:
இதுல மூத்தவர் சொல்றது சரி. ஒரு எலெக்ட்ரான் எங்கே இருக்கும்னு முன்கூட்டியே அடிச்சுச் சொல்ல முடியாது. ஒரு உலகத்துல இங்கே, இன்னொண்ணுல அங்கே. குண்டுக்கும் அதே நியாயம்னு கதையிலேயே ஒருத்தர் விளக்குவார். எழுதினவர் வான இயற்பியல் விஞ்ஞானி, அந்த இடத்தை எவ்வளவு பக்குவமா வெச்சிருக்கார் பாருங்க.

பழைய_பேப்பர்:
பிராட்பரியிலயும் சரித்திரம் மாறுதே, அது மட்டும் எப்படி...

செம்பூர்க்காரன்:
இதேதான் டீச்சர். ரெண்டு பக்கம் படிக்கிறதுக்குள்ள அப்பா ‘காதை உரசுற இடத்துக்குப் போ’ன்னார். ரொம்ப நன்றி. முழு மராத்திப் புத்தகம் தாதர்ல எந்தக் கடையில கிடைக்கும்?