மூணாற்றில் நீர்வண்ணம் உலர மறுப்பது ஏன்?

கேள்வி (போடிநாயக்கனூர்):
வரும் மே மாதம் குடும்பத்துடன் நான்கு நாட்கள் மூணாற்றில் தங்கவிருக்கிறோம். 8 வயதும் 11 வயதுமான என் பிள்ளைகள் இருவருக்கும் ஓவியத்தில் மிகுந்த ஆர்வம் உண்டு. சென்ற கோடையில் தேவிகுளத்துக்கு அருகே சாலையோரம் அமர்ந்து மூவரும் நீர்வண்ணம் தீட்டினோம். முதல் பூச்சு உலர்வதற்குள் அடுத்ததைப் பூசியதால் வானமும் மலையும் ஒன்றாகக் கரைந்துவிட்டன. தேயிலைத் தோட்டமோ மேடுபள்ளமின்றி ஒரே பச்சையாக அமைந்தது. எங்கள் மொட்டைமாடியில் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும் வண்ணம் அங்கே ஏன் உலர்வதில்லை? பிள்ளைகள் சலிப்படையாமல் வரைய என்ன செய்யலாம்?

மறுமொழி (தேவிகுளம்):
ஐயா, மூணாறு ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடியின் வறண்ட வெப்பக் காற்று தாளின் ஈரத்தை விரைவாக வாங்கிக்கொள்ளும். இங்கே காற்று குளிர்ந்து, மஞ்சு (மூடுபனி) இறங்கும்போது ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருப்பதால், தாளிலுள்ள நீர் எளிதில் ஆவியாவதில்லை. மே மாதத்தில் பிற்பகல் மழையும் வழக்கம் என்பதால், காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். அந்த நேரத்துச் சாய்ந்த வெயிலில்தான் தேயிலை வரிசைகளுக்கு இடையிலான பாதைகள் நிழல்கோடுகளாகத் தெரிந்து சரிவின் வடிவத்தைக் காட்டும். உச்சிவெயிலில் அவை மங்கி, நீங்கள் கண்ட அந்த ஒரே பச்சைதான் மிஞ்சும்.

உண்மையில் எங்கள் தோட்டம் ஒரே பச்சையன்று. கொழுந்து மஞ்சள் கலந்த இளம்பச்சை, முதிர்ந்த இலை கருமை தோய்ந்த பச்சை, கவாத்து செய்த (கிளைகளை வெட்டிவிட்ட) பகுதி பழுப்பும் சாம்பலும். விருந்தினர் வரையும் படங்களில் அந்தக் கவாத்துச் சரிவு இடம்பெறாதது எனக்கு எப்போதும் வருத்தமே. கொழுந்து பறிப்பவர்களை வரைய விரும்பினால், தயவுசெய்து அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

மறுமொழி (செங்கோட்டை, ஓவிய ஆசிரியர்):
டியூபிலிருந்து வரும் பச்சையை அப்படியே பூசாதீர்கள். அல்ட்ராமெரின் நீலத்துடன் யெல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சளைக் கலந்து, நிழலுள்ள இடங்களில் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பைச் சிறிது சேர்த்தால் மலைப்பச்சை அமையும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள்) இருக்கட்டும். அளவு அஞ்சலட்டைக்கு மேல் வேண்டாம். அடுத்தடுத்த ஈரப் பூச்சுகளுக்கு நடுவே மயிரிழை அளவு வெண்தாளை விட்டுவைத்தால் அவை ஒன்றோடொன்று கலவா.

தாளை நேர் வெயிலில் வைக்கவும் கூடாது. அந்தக் கூசும் வெளிச்சத்தில் வண்ணம் வெளிறித் தோன்றுவதால் நாம் மேலும் மேலும் அடர்த்தியாகப் பூசுவோம். வீட்டுக்குள் வந்து பார்த்தால் படம் இருண்டிருக்கும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், அமர்ந்தவுடன் நிழல்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பிறகு அவற்றை மாற்றாதீர்கள்.

மறுமொழி (பாலக்காடு):
சகோதரரே, என் மகளுக்கு உதவியது மெழுகுவர்த்தித் துண்டுதான். மஞ்சும் ஓடையும் வரவேண்டிய இடங்களில் மெழுகைத் தேய்த்துவிட்டு வண்ணம் பூசினால், மெழுகு நீரை ஏற்காததால் அந்த இடங்கள் வெண்மையாகவே நிற்கும். பிள்ளைகள் உலரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஈரப் பக்கத்தோடு நோட்டுப்புத்தகத்தை மூடிவிடாதீர்கள், எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். தனித்தாள்களை அட்டையில் கிளிப் மாட்டி எடுத்துச் செல்லுங்கள்.